தரையிலிருந்து இருபத்து நான்கு கிலோ

கள்ளக்குறிச்சி
10.11.2024

வாணி,

எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று உனக்குப் போன் செய்து சொன்னதாக எதிர்வீட்டுச் சாலம்மாளே வந்து என்னிடம் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் மலையில் சிக்னல் கிடைக்கும் நாளிலும் நம்மால் பேச முடிவதில்லை. போனை எடுத்த உடனே இரண்டு பேரும் அம்மா விழுந்த குளியலறையில் போய் நின்றுவிடுகிறோம். எழுதினால் அதைச் சுற்றிக்கொண்டு போகலாமோ என்று பார்க்கிறேன். வெள்ளிமலை பஸ் கண்டக்டர் வீரமுத்து உன் பள்ளி வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

சாலம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தது உண்மைதான். நான் கூடத்தில் தரையில் மல்லாந்து கிடந்தேன். வலது கையில் ஒரு இரும்புக் குண்டு இருந்தது. கெட்டில்பெல் என்று பெயர். கைப்பிடி வைத்த குண்டு, அவ்வளவுதான். படுத்தபடி அதை ஒரு கையால் மேலே நீட்ட வேண்டும். நீட்டிய கை மடங்காமல், முதலில் மற்றொரு கையின் முழங்கையை ஊன்றி, பிறகு உள்ளங்கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் இழுத்து மண்டியிட்டு, எழுந்து நிற்க வேண்டும். பிறகு வந்த வழியே திரும்பிப் படுக்க வேண்டும். கண் குண்டைவிட்டு அகலக் கூடாது. அகன்றால் கை சாயும்.

முதலில் குண்டே கிடையாது. மூடிய கைமுட்டியின் மேல் ஒரு செருப்பை வைத்துக்கொண்டு அது விழாமல் எழப் பழக வேண்டும். இரண்டு வாரம் என் செருப்பு என் முகத்திலேயே விழுந்தது. பிறகு எட்டு கிலோ, இப்போது பன்னிரண்டு. இரும்புக்கடை ஆசாத் சென்னையிலிருந்து தருவித்துக் கொடுக்கிறார். "டீச்சர், இது டீ போடற கெட்டில் இல்லீங்க, தெரியுமில்ல?" என்று முதல் நாள் கேட்டார். இருபத்து நான்கு கிடைக்குமா என்று கேட்டபோது சிரிப்பை நிறுத்திவிட்டார். "அரை மூட்டை சிமெண்டுங்க அது. ஆம்பளைங்களே வாங்க மாட்டேங்கறாங்க."

இருபத்து நான்கு. வரும் சித்திரையில் எனக்கு ஐம்பது முடிவதற்குள் அதோடு ஒருமுறை தரையிலிருந்து எழ வேண்டும். எதற்கு என்று கேட்பாய். அம்மா அந்த ஈரத் தரையில் கிடந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. இப்போது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். குளியலறைக்குள் போகும்போதெல்லாம் தரையைப் பார்க்கிறேன். நான் விழுந்தால் பக்கத்தில் உட்காரக்கூட ஆள் இல்லை.

இது பைத்தியமா என்று நீயே சொல்.

செந்தமிழ்ச்செல்வி

*

வெள்ளிமலை
17.11.2024

அக்கா,

பைத்தியம் இல்லை. பயம். ஆனால் பயத்துக்கு இப்படி ஒரு மருந்தை உன்னைத் தவிர யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

விடுதிப் பிள்ளைகள் தூங்கிய பிறகு உன் கடிதத்தை என்னோடு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்மொழி என்ற டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். நீ கோபித்துக்கொள்வாய், பரவாயில்லை. "மேடம், உங்க அக்கா ஒலிம்பிக் போறாங்களா, இல்ல சித்தாள் வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டாள். நானும் சிரித்தேன். பிறகு படுத்ததும் சிரிப்பு போய்விட்டது. நீ மல்லாந்து கிடக்கிறாய், முகத்துக்கு நேர் மேலே இரும்பு. கை நழுவினால்? உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பாய், எனக்குத் தெரியும். வேலைக்காரிகூடக் கிடையாது. சாலம்மாள் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. அவளையும் திட்டி ஜன்னலைச் சாத்தியிருப்பாய்.

சாவு வீட்டில் நான் சொன்னதை வைத்துக்கொண்டுதானே இதெல்லாம்? "ஓர் ஆளத் தூக்கத் தெம்பில்லாதவ, இன்னாத்துக்கு அம்மாவ உன்கிட்ட வெச்சிக்கினு இருந்த?" என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். நான் மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் அம்மாவின் தாடையைத் துணியால் கட்டிவிட்டார்கள். அந்த நேரத்தில் யாரையாவது கடிக்க வேண்டியிருந்தது. நீ அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். திருப்பி அடித்திருக்கலாம். நீ உள்ளே போய் டம்ளர் கழுவினாய். இப்போது இரும்பைத் தூக்கிக்கொண்டு பதில் சொல்கிறாய்.

ஒன்று மட்டும் கேள். சாலம்மாளிடம் ஒரு சாவி கொடு. தாழ்ப்பாள் போடாதே. இன்னொன்று, உன் கண். பத்துக்கு மேல் பவர். வலது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். இடது ஒன்றை வைத்துத்தான் எம்.எஸ்ஸி. வரை படித்தாய். மூச்சை அடக்கி இவ்வளவு கனம் தூக்கலாமா என்று கண் டாக்டரிடம் கேட்டாயா?

இங்கே மழை. பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் போனில் ஒரு கோடு வருகிறது. வழுக்குகிறது, ஏறவில்லை.

வாணி

*

கள்ளக்குறிச்சி
12.1.2025

வாணி,

சாவி கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் தினமும் வந்து நிற்பாள். இப்போதே தெருவில் பால் வாங்கும்போது கேட்கிறாள்: "இன்னா டீச்சரம்மா, இன்னைக்கி எத்தினி கிலோ ஏத்தினீங்க? எங்க வூட்டு மொட்ட மாடிக்கி நாலு மூட்ட நெல்லு ஏத்தணும், வரீங்களா?"

இருபதில் இருக்கிறேன். பதினாறிலிருந்து இருபதுக்குப் போனது மலையேற்றம் போல இருந்தது. மண்டியிடும் இடத்தில் உடம்பு அப்படியே நின்றுவிடும். மேலே போகவும் வராது, கீழே வரவும் பயம். அந்த இடத்தை மட்டும் தனியாகப் பழகினேன். உள்ளங்கை காய்த்துவிட்டது. கல்லூரியில் விடைத்தாள் திருத்தும்போது பேனா அந்தக் காய்ப்பில் இடிக்கிறது. சங்கராபுரத்துக் கல்யாணத்துக்கு நான் ஏன் போகவில்லை என்று உனக்குப் போன் வந்திருக்கும். அன்று பயிற்சி நாள். மாணவிகளைப் பெங்களூர் அழைத்துப் போகச் சொன்னார்கள். அதற்கும் மாட்டேன் என்றேன். மூன்று நாள் விட்டால் தோள் பழையபடி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இது நியாயமில்லாத பயம் என்று தெரியும். தெரிந்தும் குறையவில்லை.

வீடியோவில் கற்றுத்தருகிறவன் 'உன்னை நீயே வெல்' என்றெல்லாம் பேசுகிறான். சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்க்கிறேன். எனக்கு யாரையும் வெல்ல வேண்டாம். எழுந்து நின்றால் போதும்.

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். இடது கண் முன்னால் கொசு மாதிரி சில புள்ளிகள் பறக்கின்றன. விடியற்காலையில் விளக்குப் போடும் முன் தலையைத் திருப்பினால் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டுகிறது. வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கும், அது இழுக்கும்போது இப்படித் தெரியும். புத்தகத்திலேயே இருக்கிறது. செமஸ்டர் முடிந்ததும் காட்டுகிறேன்.

ஆசாத் கடையில் இருபத்து நான்கு வந்துவிட்டது. இன்னும் தூக்கவில்லை. அம்மாவின் கட்டில் இருந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

செல்வி

*

வெள்ளிமலை
16.1.2025

அக்கா,

இதைப் படித்த உடனே செருப்பைப் போட்டுக்கொண்டு கண் டாக்டரிடம் போ. செமஸ்டர் முடிந்ததும் இல்லை. இன்றைக்கு.

நான் நோட்டுத் திருத்திப் பிழைக்கிறவள். உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நவம்பரில் எழுதியது அச்சடித்த மாதிரி இருக்கிறது. இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் ஓரத்துக்குப் போகும்போது கீழே சரிகிறது. இரண்டு இடத்தில் எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறாய். உனக்கு அது தெரியவே இல்லை. ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு போடுகிறவள் நீ.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் மின்னலைச் சொன்னேன். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். "உங்க அக்கா எங்க இருக்காங்க? பாண்டிச்சேரிக்கோ சேலத்துக்கோ இன்னைக்கே போகச் சொல்லுங்க. வெயிட்டு கியிட்டு தூக்க வேணாம்" என்றார். மதியம் பாறையில் ஏறி மூன்று தடவை போன் போட்டேன். மணி அடித்தது. நீ எடுக்கவில்லை.

நீ ஏன் போகாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போனால் தூக்காதே என்று சொல்லிவிடுவார்கள். நீ படித்தவள், உனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைக்கும். கூழ் சுருங்கட்டும், எதுவோ ஆகட்டும். அந்த ஒரு கண்தான் உனக்கு.

நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அக்கா. நான் அன்று கேட்டது தப்பு. அம்மாவை யாராலும் தூக்கியிருக்க முடியாது, நானாக இருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன். போதுமா? குண்டைக் கீழே வை.

வாணி

*

புதுச்சேரி
22.2.2025

வாணி,

எழுத்து பெரிதாகக் கோணலாக இருக்கும். வலது கண்ணை வைத்து எழுதுகிறேன். முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படித்தான். இந்த நிலையில் செய்யக்கூடியது கடிதம் எழுதுவது ஒன்றுதான். மடியில் அட்டையை வைத்திருக்கிறேன்.

உன் ஜனவரிக் கடிதம் கிடைத்தது. கடைசிப் பத்தியை மறுபடி மறுபடி படித்தேன். அதைப் படித்த பிறகு எனக்குத் தொடரக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை, அதனால் உனக்குச் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தாழ்ப்பாள் போட்டிருந்தேன். இருபத்து நான்கு கை நீட்டியதும் நின்றது. முழங்கை, உள்ளங்கை, எல்லாம் வந்தது. காலை இழுத்து மண்டியிட்டேன். கண் குண்டின் மேல் இருந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புத் துணியை யாரோ இழுப்பது போல வந்து குண்டின் பாதியை மூடியது. கண்ணாடி அழுக்கு என்று நினைக்க நேரம் இருந்தது. பிறகு அது அழுக்கில்லை என்று புரிந்துகொள்ளவும் நேரம் இருந்தது.

அங்கேயே இறங்கியிருக்கலாம். நான் எழுந்து நின்றேன்.

நின்றேன், வாணி. யாரும் பார்க்கவில்லை. நானும் பாதிதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. தலைக்கு மேலே இருபத்து நான்கு கிலோ. அது எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு இடமாகத் தடவித் தடவி இறங்கினேன். குண்டைத் தரையில் வைத்த பிறகு அசையவே பயந்து அப்படியே கிடந்தேன். எந்தத் தரைக்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ அதே தரை. அசைந்தால் மிச்சமும் மூடிவிடும் என்று தோன்றியது. சாலம்மாள் பால் கொண்டுவந்து ஜன்னலைத் தட்டினாள். "டீச்சரம்மா, இன்னா பேச்சு மூச்சே காணோம்?" என்றாள். நானே எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். பழகியது அந்த அளவுக்கு உதவியது.

அவள்தான் வாடகைக் கார் வைத்து இங்கே கூட்டி வந்தாள். வழி முழுக்கத் திட்டினாள். உளுந்தூர்பேட்டையில் கார் நின்றபோது டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் என் இடது கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள். மூடுவதால் பயன் ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை.

விழித்திரை பிய்ந்திருக்கிறது. "தூக்கினதாலயா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அதனால மட்டும்னு சொல்ல முடியாதும்மா. உங்க பவருக்கு இது எப்ப வேணா ஆகும். மின்னல் அடிச்சப்பவே வந்திருந்தா லேசரோட போயிருக்கும்" என்றார்.

ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் குமிழி மேலே மிதந்து விழித்திரையை அதன் இடத்தில் ஒட்டும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தலைகுனிவு. ஒட்டுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வெயிட் தூக்கக் கூடாது, மல்லாந்து படுக்கக் கூடாது, ஃப்ளைட்டில் போகக் கூடாது என்று நர்ஸ் ஒப்பித்தாள். "கள்ளக்குறிச்சிக்கு ஃப்ளைட் வரும்போது பாத்துக்கலாம்மா" என்றேன். அவள் சிரித்தாள்.

திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பகலில் சமாளித்துவிடுவேன். விளக்கை அணைத்த பிறகுதான் எப்படி என்று தெரியவில்லை.

செல்வி

*

வெள்ளிமலை
27.2.2025

அக்கா,

கடிதத்தைப் பள்ளி வாசலிலேயே நின்று படித்தேன். வீரமுத்து, "இன்னா மேடம், கெட்ட சேதியா?" என்று கேட்டுவிட்டு, விசில் ஊதாமல் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உன்னைத் திட்ட நிறைய எழுதினேன். கிழித்துவிட்டேன். நீ எழுந்து நின்றாய் என்ற வரி வந்தபோது எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கணம் நீ தாழ்ப்பாள் போட்ட கதவுதான் கண்ணில் வந்து நின்றது.

பப்ளிக் பரீட்சை ஆரம்பிக்கிறது. வார்டனும் நான், சென்டர் பொறுப்பும் நான். இப்போது என்னால் இறங்க முடியாது. நீ மேலே வந்துவிடு. குவார்ட்டர்ஸில் என் அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்துவிட்டேன். கட்டிலின் தலைமாட்டில் இரண்டு பலகையை எடுத்துவிட்டு முகம் வைக்க ஓட்டை விட்டுத் தரச் சொல்லி ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். தமிழ்மொழி டீச்சர் பகலில் பார்த்துக்கொள்வாள், மீதி நேரம் நான். சாலம்மாள் உன்னை பஸ் ஏற்றிவிடட்டும். வீரமுத்துவிடம் முன் ஸீட் சொல்லிவிட்டேன்.

வரமாட்டேன் என்று எழுதாதே. அம்மா போனதிலிருந்து எட்டு மாதம் என்னிடம் மனம்விட்டுப் பேசாமல் இருந்ததற்கு வந்து தலைகுனிந்து உட்கார்.

வாணி

*

கள்ளக்குறிச்சி
6.3.2025

வாணி,

நீ பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பாய். பஸ் வந்திருக்கும், நான் இறங்கியிருக்க மாட்டேன். என்னால் வர முடியவில்லை என்று வீரமுத்து சொல்லியிருப்பார். உன்மேல் கோபம் என்று மட்டும் நினைத்துவிடாதே. சாயங்கால டிரிப்பில் இந்தக் கடிதம் வந்து சேரும்.

நான் கிளம்பினேன். சாலம்மாள் முன் ஸீட்டில் உட்கார வைத்து, "தலைய நிமித்தாத, நிமித்தனா கண்டக்டரு கொட்டுவாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறாளாம். சிப்ஸ் பாக்கெட் சரங்களை ஒரு பையில் போட்டு என் காலடியில் வைத்திருந்தாள். எனக்குப் பார்க்க வேறு எதுவும் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டும்வரை அந்தப் பாக்கெட்டுகள் தொளதொளவென்று ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

மலைப்பாதை ஆரம்பித்து வளைவுகள் போகப் போக, பையின் வாய் தானாக விரிந்தது. பாக்கெட்டுகள் உப்பிக்கொண்டிருந்தன. சிலது மேளத் தோல் போல விறைத்துவிட்டது. எனக்குக் காது அடைத்தது. இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த வெளிச்சமும் மங்கியது.

வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே இருக்கும் வாயு விரியும். இருபத்தைந்து வருடமாக இதைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஃப்ளைட்டில் போகாதே என்றால் உயரத்துக்குப் போகாதே என்று அர்த்தம். நானோ கள்ளக்குறிச்சியில் விமானம் ஏது என்று சிரித்தேன். வெள்ளிமலை எனக்கு உயரமாகவே தோன்றவில்லை. அது உன் ஊர், பஸ் போகிற இடம்.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி நானே கேட்டதில்லை.

"இன்னாங்க டீச்சர், இங்க ஸ்டாப்பிங் இல்லீங்களே" என்றார் வீரமுத்து.

"எறங்கணும். மேல போனா கண்ணு போயிடும்."

பின்னாலிருந்து ஒருவர், "வாந்தியா இருக்கும், எலுமிச்சம்பழம் குடுங்க" என்றார். வீரமுத்து என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வேறு எதுவும் கேட்காமல் விசில் ஊதினார். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "இங்கியே குந்திக்கினு இருங்க. கீழ வர வண்டி எதிர்ல வரும், நிறுத்தி ஏத்திக்கச் சொல்றேன்" என்றார்.

வளைவில் இருந்த தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன். பஸ் சத்தம் மேலே போய்த் தேய்ந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்து என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தக் குமிழி இன்னும் பெரிதாகிறதா, நின்றுவிட்டதா? தெரிந்துகொள்ள வழியில்லை. கையை ஊன்றி எழவோ, பல்லைக் கடித்துத் தாங்கவோ அங்கே ஒன்றும் இல்லை. நான் பழகியது எதுவும் அங்கே உதவவில்லை. சும்மா உட்கார வேண்டியிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தது போல.

டூ வீலரில் வந்த ஒருவர் நிறுத்தி, "இன்னாம்மா தொலைச்சிட்ட?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "கம்மலா, மூக்குத்தியா?" என்று கேட்டபடி ரோட்டோரப் புல்லைக் காலால் விலக்கித் தேடிக்கொண்டிருந்தார். கீழே போகும் பஸ் வரும்வரை தேடினார். அவர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கச்சிராயபாளையம் வந்ததும் கண்ணுக்குப் பின்னால் இருந்த விரல் தளர்ந்தது. வெளிச்சம் திரும்ப வந்தது. முன்பு இருந்த அளவுக்கு வந்ததா என்று தெரியவில்லை. சரியாகச் சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை. வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "யாரும்மா உங்கள மலைக்குப் போகச் சொன்னது?" என்று கேட்டார்கள். நாளைக் காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார்கள். விழித்திரை ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறதா என்று நாளைக்குத்தான் தெரியும். சாலம்மாளின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்.

வாணி, குமிழி கரையும்வரை நான் மேலே வர முடியாது. நீ இறங்கி வா. பரீட்சை இருக்கிறது என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். நீ வந்து என்னைத் தூக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது.

கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. இருபத்து நான்கு கிலோவைக் காலால் நகர்த்தி, கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது இடித்துக்கொள்ளாதே.

நீ உள்ளே வரும்போது நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். கோபம் என்று நினைக்காதே. நீ செருப்பைக் கழற்றாமல் நேராக என் முன்னால் வந்து நில். எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா